குறுஞ்செய்தியில் வரும் இணைப்பு அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மாவின் கைப்பேசிக்கு ‘உங்கள் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளக் கணக்கு) முடக்கப்படும்’ என்று ஓர் இணைப்பு வந்திருக்கிறது, தொடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடவே வேண்டாம்.

முகவரியைப் படிக்க அவருக்கு அவசியம் சொல்லிக்கொடுங்கள். ‘எச்டிடிபிஎஸ்://’ முடிந்தபின் வரும் முதல் சாய்கோட்டை, அதாவது ‘/’ குறியைத் தேடி, அதற்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘சிங்பாஸ்.கவ்.எஸ்ஜி.ஏதோஒன்று.காம்/’ என்றிருந்தால் அது ‘ஏதோஒன்று.காம்’ வைத்திருப்பவரின் தளம். முன்னால் நிற்கும் சிங்பாஸ் வெறும் வேஷம். அரசாங்கத் தளங்கள் பெரும்பாலும் ‘.கவ்.எஸ்ஜி’ என்றே முடியும். பூட்டுச் சின்னத்தை மட்டும் நம்பாதீர்கள், மோசடித் தளத்துக்கும் அது கிடைக்கும்.

அப்புறம், 2024 ஜூலை முதல் பெரும்பாலான அரசாங்கக் குறுஞ்செய்திகள் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. இன்னும் சந்தேகமா? மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.