30 பவுண்டு ஃப்ரீ பெட்டில் கையில் நிற்பது எவ்வளவு?

தம்பிக்கு,

சேலத்திலிருந்து லெஸ்டருக்கு முதுகலை படிக்கச் சென்று ஒரு பருவம்கூட முடியாத நிலையில், “10 பவுண்டு பந்தயம் வைத்தால் 30 பவுண்டுக்கு ஃப்ரீ பெட் (இலவசப் பந்தயம்)” என்று கால்பந்துப் பந்தய நிறுவனங்கள் தரும் சலுகையை உடன் தங்கியிருப்பவர்கள் இனாம் பணம் என்கிறார்கள், அது உண்மையா, உண்மையானால் அதிலிருந்து அதிகபட்சம் எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நீண்ட காலமாகப் பிரிட்டனில் குடியிருப்பவன், இப்போது விடுமுறைக்கு அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சலுகை உண்மையானதுதான். ஆனால் கணக்குப் போட்டுச் செய்பவருக்கு அந்த 30 பவுண்டில் 21 அல்லது 22 பவுண்டுதான் கையில் நிற்கும். மனதுக்குப் பிடித்த அணியின் மேல் வைப்பவருக்கு அதுவும் உறுதியில்லை.

காரணம் எளிது. சொந்தப் பணத்தில் வைக்கும் பந்தயம் வென்றால் வைத்த தொகையும் லாபமும் சேர்ந்து திரும்பும். ஃப்ரீ பெட் வென்றால் பெரும்பாலும் லாபம் மட்டுமே வரும், வைத்த தொகை வராது. விகிதம் என்பது, வென்றால் ஒரு பவுண்டுக்கு வைத்ததும் லாபமும் சேர்த்து எவ்வளவு திரும்பும் என்ற எண். எனவே 10 பவுண்டு ஃப்ரீ பெட்டை 1.50 விகிதத்தில் இருக்கும் பலமான அணியின் மேல் வைத்தால், அந்த அணி வென்றாலும் உங்களுக்குக் கிடைப்பது 5 பவுண்டுதான். அதையே 5.00 விகிதத்தில் வைத்தால், வெல்லும்போது 40 பவுண்டு கிடைக்கும். வெல்லும் வாய்ப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் லாபத்தையும் வெல்லும் வாய்ப்பையும் (ஒன்றை விகிதத்தால் வகுத்தால் வருவது) பெருக்கிப் பாருங்கள். 1.50 விகிதத்தில் அந்த ஃப்ரீ பெட்டின் சராசரி மதிப்பு சுமார் 3.30 பவுண்டு, 2.00 விகிதத்தில் 5 பவுண்டு, 5.00 விகிதத்தில் 8 பவுண்டு. பெரிய விகிதத்தின் பின்னால் போகாதே என்று சொந்தப் பணத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை இங்கே தலைகீழாகிறது: ஃப்ரீ பெட்டைச் சிறிய விகிதத்தில் வைப்பதுதான் அதை வீணாக்கும் வழி. பந்தயக் கடைப் பலகைகளில் 4/1 என்று எழுதியிருப்பதும் 5.00 என்பதும் ஒன்றே. செயலியின் அமைப்பில் தசம முறைக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இருக்காது.

மேலே சொன்ன மதிப்புகளிலும் நிறுவனம் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். ஓர் ஆட்டத்தில் உள்ளூர் அணிக்கு 2.10, சமநிலைக்கு 3.40, எதிரணிக்கு 3.50 என்று விகிதம் கொடுத்திருந்தால், ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்டிப் பாருங்கள். 100 சதவீதம் வராது, 105.6 வரும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும்போது சேதாரம் சேர்த்தே விலை போடுவதைப் போல, அந்த 5.6 ஒவ்வொரு பந்தயத்திலும் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஃப்ரீ பெட் இல்லாமல் தொடர்ந்து வைப்பவர் காலப்போக்கில் இழப்பது இதனால்தான். கால்பந்து அறிவு குறைவு என்பதால் அல்ல.

இனி, அதிர்ஷ்டத்தை நம்பாமல் செய்யும் வழி. பிரிட்டனில் இதை மேட்ச்டு பெட்டிங் என்பார்கள். பந்தய நிறுவனத்தில் ஓர் அணி வெல்லும் என்று வைத்துவிட்டு, பந்தயம் வைப்பவர்களே ஒருவருக்கொருவர் எதிராக வைத்துக்கொள்ளும், 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்ச் தளத்தில் அதே அணி வெல்லாது என்று எதிர்ப்பந்தயம், அதாவது லே, வைப்பதுதான் முறை. முதலில் சலுகைக்குத் தகுதி பெறச் சொந்தப் பணம் 10 பவுண்டை 2.00 விகிதத்தில் வைக்கிறீர்கள். எக்ஸ்சேஞ்சில் அதே முடிவின் லே விகிதம் 2.04, கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10.05 பவுண்டுக்கு லே செய்ய வேண்டும். ஆட்டம் எப்படி முடிந்தாலும் 45 பென்ஸ் நஷ்டம். பிறகு 10 பவுண்டு ஃப்ரீ பெட்டை 5.00 விகிதத்தில் வைத்து, 5.20 லே விகிதத்தில் 7.77 பவுண்டுக்கு லே செய்தால், எந்த முடிவிலும் 7.38 பவுண்டு உங்களுக்கு. அந்த 30 பவுண்டு மூன்று 10 பவுண்டு ஃப்ரீ பெட்டாக வந்து, மூன்றும் இப்படி முடிந்தால் 22.14, அதில் அந்த 45 பென்ஸைக் கழித்தால் 21.69. ஆனால் ஒவ்வொரு லேவுக்கும் எக்ஸ்சேஞ்ச் கணக்கில் சுமார் 33 பவுண்டு (அந்த அணி வென்றால் நீங்கள் கொடுக்க வேண்டியது) முடங்கி நிற்கும் என்பதால், மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் வெவ்வேறு ஆட்டங்களில் வைக்க ஏறக்குறைய 98 பவுண்டு தேவை. அந்தத் தொகை வாடகைக்கு வைத்த பணமாக இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்று என்று செய்யுங்கள், அல்லது செய்யாதீர்கள்.

நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். குறைந்தபட்ச விகிதம், ஃப்ரீ பெட் காலாவதியாகும் நாள் (பெரும்பாலும் 7 நாட்கள்), எந்த வகைக் கட்டணம் செல்லும் என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தகுதிப் பந்தயத்தை இடையில் கேஷ் அவுட் செய்தால், அதாவது ஆட்டம் முடியும் முன்பே முடித்துப் பணமாக எடுத்தால், பெரும்பாலும் சலுகை போய்விடும். கோப்பைப் போட்டிகளில் ஆட்ட முடிவுப் பந்தயம் 90 நிமிடமும் காயநேரமும் சேர்ந்ததற்கே பொருந்தும், கூடுதல் நேரத்துக்குப் பொருந்தாது. இரண்டு தளத்திலும் அதே வகைப் பந்தயத்தைத்தான் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பந்தயம் வைப்பதற்கு முன்பே பெயர், முகவரி, பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டும் என்பது 2019 முதல் அங்குள்ள விதி. முன்னெழுத்தும் அப்பா பெயரும் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும் இருந்தால் பணம் எடுக்கும்போது நிறுத்தி வைப்பார்கள். தொடக்கத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள்.

இதைவிட முக்கியமானது, இந்தச் சலுகைகள் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். ஐந்து மாணவர்கள் ஒரே முகவரியில், ஒரே வைஃபையில் இருக்கும்போது முதலில் எடுத்தவருக்குப் பிறகு மற்றவர்களின் கணக்குகள் முடக்கப்படலாம். அதைத் தாண்ட ஒருவர் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து தானே இயக்குகிறேன், உனக்கு ஒரு பங்கு தருகிறேன் என்று சொன்னால், எவ்வளவு நெருங்கிய ஊர்க்காரராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். உங்கள் அடையாளத்தில் நடக்கும் மோசடிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விசாவில் இருக்கும் நீங்கள்தான்.

வீட்டிலிருந்து வரும் பணத்தையும் இதில் கலக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு எதற்கெல்லாம் பணம் அனுப்பக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் தரும் பட்டியலில், லாட்டரிச் சீட்டோடு ஃபுட்பால் பூல்ஸும் (கால்பந்து ஆட்ட முடிவுகளைக் கணிக்கும் பந்தயம்) பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. கல்விக் கட்டணம் என்று சொல்லி உங்கள் அப்பா அனுப்பிய தொகை அங்கே போகக் கூடாது. பகுதிநேர வேலையில் நீங்களே சம்பாதித்ததாக இருக்கட்டும். பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டால் பந்தயம் வைக்க முடியாது. வேறு வழியில் கடன் வாங்கியும் வைக்காதீர்கள். விடுமுறைக்குச் சேலம் வரும்போது அந்தச் செயலியைத் திறக்கவே வேண்டாம். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் குற்றம். விளையாடுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். விபிஎன் போட்டால் சட்டம் மாறிவிடாது. புறப்படுவதற்கு முன் நிலுவையில் உள்ள ஃப்ரீ பெட்டை முடித்துவிட்டு வாருங்கள்.

வரவேற்புச் சலுகைகள் முடிந்ததும் வருவது வேறு வகை. வாரந்தோறும் இத்தனை பவுண்டு வைத்தால் சிறிய ஃப்ரீ பெட், நான்கைந்து ஆட்டங்களைக் கோர்க்கும் அக்குமுலேட்டர் போனஸ் என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். அக்குமுலேட்டரில் ஒவ்வொரு ஆட்டத்தின் கழிவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகும் என்பதால், அவர்கள் போனஸ் தர முடிகிறது. நீங்கள் கணக்காகவே ஆடுகிறீர்கள் என்று தெரிந்தால் நிறுவனமே சலுகைகளை நிறுத்திவிடும். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு வேறு வழி தேட வேண்டாம், அங்கே உங்கள் கணக்கு முடிந்தது. சில நிறுவனங்களின் வரவேற்புச் சலுகைகளை எடுத்துவிட்டு, பணத்தை வங்கிக்கு மாற்றி, கணக்குகளை மூடிவிடுவதுதான் நான் உங்களுக்குச் சொல்லும் வழி. லே வைக்காமல் ஒரு பந்தயம் வைக்கலாமே என்று மனம் ஒரு முறை சொன்னாலும், சூதாட்டத்திலிருந்து தன்னைத்தானே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் சேவையில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிரிட்டனில் உரிமம் பெற்ற ஆன்லைன் நிறுவனங்கள் அனைத்திலிருந்தும் குறைந்தது 6 மாதம் அது உங்களை விலக்கி வைக்கும். கட்டணம் இல்லை, இடையில் மனம் மாறினாலும் அந்தக் காலம் முடியும்வரை நீக்க முடியாது.