டிஸ்னி பட ஆரம்பத்துல வர்ற கோட்டை லோகோ ஏன் மாறிட்டே இருக்கு?

படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சில செகண்ட் வர்ற கம்பெனி அடையாளம்தான் ஸ்க்ரீன் லோகோ. நம்ம ஊர் கடை போர்டு மாதிரி வச்சுக்கோங்க, முதல்ல பெயின்ட், அப்புறம் ஃப்ளெக்ஸ், இப்போ எல்இடி, ஆனா கடை அதேதான்.

டிஸ்னில கோட்டை வந்ததே 1985லதான். நீலக் கலர்ல வெள்ளைக் கோடா ஒரு கோட்டை, மேல வளைவா ஒரு வெளிச்சம், சிம்பிளா அவ்ளோதான். 1995ல பிக்ஸார் பண்ணின டாய் ஸ்டோரி முழுக்க கம்ப்யூட்டர்ல செஞ்ச படம்ங்கறதால அதுக்குன்னே முப்பரிமாணத்துல தனியா ஒரு கோட்டை செஞ்சாங்க. 2006ல எல்லாத்துக்குமே அப்படி மாத்திட்டாங்க, நட்சத்திர வானத்துல ஆரம்பிச்சு கேமரா அப்படியே கீழ இறங்கும், கொடி, ஆறு, புகை விட்டுட்டு போற குட்டி ரயில், கடைசியா வாணவேடிக்கை (அந்த ரயிலை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்ல!). 2011ல இருந்து பேரையும் சுருக்கி வெறும் 'டிஸ்னி' ஆக்கிட்டாங்க.

காரணம் பெருசா ஒண்ணுமில்ல, படம் பளபளன்னு இருக்கறப்போ லோகோ மட்டும் பழசா நின்னா கண்ணை உறுத்தும்.

இதுல எனக்குப் பிடிச்சது டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோவோட தனி லோகோதான், 2007ல இருந்து 1928 மிக்கி விசிலடிச்சுட்டு கப்பல் ஓட்டற சீனையே போடறாங்க.

நிறைய பேர் 1937ல வந்த ஸ்னோ ஒயிட்லயே கோட்டை லோகோ இருந்துச்சுன்னு சொல்வாங்க, அப்போ அதை ரிலீஸ் பண்ணது ஆர்கேஓ கம்பெனி, கோட்டை லோகோவெல்லாம் இல்ல, நீங்க பார்த்தது பின்னாடி வந்த பிரதில ஒட்டினது.