பிரெஞ்சு க்ளாஸ்: பிரெஞ்சுலயே எப்படி அதட்டறது?

பிரெஞ்சு டீச்சர்கள் லெட்டர்ல கேட்டதுக்கெல்லாம் பதில் கீழே. எந்த வகுப்பு, எத்தனை பசங்கன்னே சொல்லாம "அடங்க மாட்டேங்கறாங்க"ன்னு மட்டும் எழுதினவங்களுக்கு பதில் கிடையாது. ஆறாங்கிளாஸும் ப்ளஸ் ஒன்னும் ஒண்ணா?

ஆறாவதுக்கு எத்தனை கமாண்ட் போதும்?
பத்துக்குள்ள. எகூத்தே (கேளுங்க), ரெகார்தே (பாருங்க), அஸேயே-வூ (உக்காருங்க), ஸிலான்ஸ் (சத்தம் கூடாது) மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கை சைகை, வருஷம் பூரா அதை மாத்தாதீங்க. முதல்ல கேட்டு உடம்பால செய்யட்டும், பேச்சு பின்னாடி வரும்னு ஜேம்ஸ் ஆஷர்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் டிபிஆர் (டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ்) முறையில அறுபதுகள்லயே சொல்லியாச்சு, நீங்க இன்னும் போர்டுல எழுதி மனப்பாடம் பண்ண வைக்கறீங்க.

கத்திக் கத்தித் தொண்டை போச்சு.
கத்தாதீங்க. ஸாங்க், காத்ர், த்ருவா, தெ, அன்னு அஞ்சுலேருந்து ஒண்ணு வரைக்கும் இறங்கு வரிசையில எண்ணுங்க. ஸீரோ வந்தா என்ன ஆகும்னு முன்னாடியே முடிவு பண்ணி வைங்க, ஒண்ணும் ஆகலேன்னா அடுத்த வாரம் அவங்களும் சேர்ந்து ஜாலியா எண்ணுவாங்க.

பாடம் பிரெஞ்சுல தான், திட்டறப்போ மட்டும் இங்கிலீஷ் வந்துடுது. பரவால்லயா?
இல்ல, பரவால்ல இல்ல, எத்தனை தடவை சொல்றது! நீங்க இங்கிலீஷுக்கு மாறின அந்த நிமிஷமே பசங்களுக்கு புரிஞ்சுடும், பிரெஞ்சு சும்மா பாடத்துக்கு, மேடம் சீரியஸானா இங்கிலீஷ் வரும்னு. அப்புறம் பிரெஞ்சுல சொல்ற எதையும் காதுல வாங்க மாட்டாங்க, இங்கிலீஷ் வரட்டும்னு காத்திருப்பாங்க. இன்னொண்ணு, இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷம் லெக்சர் ஆயிடும், போன வாரம் பண்ணதுலேருந்து அப்பா கட்டற ஃபீஸ் வரைக்கும் போயிடுவீங்க. பிரெஞ்சுல அவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தை கம்மிங்கறதால சுருக்கமா தான் திட்ட முடியும், அது நல்லது. பக்கத்துல போய், குரலைத் தாழ்த்தி, பேர் சொல்லி, "ஸா சுஃபி" (போதும்). போன் வச்சிருந்தா "ரான்ஷ் தோன் போர்த்தாப்ள்" (போனை உள்ள வை). திரும்பி வந்து பாடத்தைத் தொடருங்க. (ஒருத்தனை அதட்ட "து", அதாவது நீ; க்ளாஸுக்கே சொல்ல "வூ", அதாவது நீங்க. கோபத்துல ரெண்டையும் குழப்பாதீங்க.) மார்க் வரும்னு பிரெஞ்சு எடுக்கற ப்ளஸ் டூல கேக்கவே வேணாம், ரெண்டு வருஷமும் கொஸ்டின் பேப்பரை இங்கிலீஷ்ல விளக்கியே ஓட்டிடறாங்க, பையன் ஒரு "எகூத்தே" கூட காதுல வாங்காம தொண்ணூத்தஞ்சு எடுத்துட்டுப் போறான்.

எங்க ஹெச்ஓடி தமிழே கூடாதுங்கறார். ரெண்டு பசங்க அடிச்சுக்கிட்டாகூடவா?
தமிழ்ல பேசுங்க, இதுக்கு ஒரு லெட்டரா? அடிதடி, காயம், கேலி, அழுகை, வீட்டுப் பிரச்சினை, எல்லாமே தமிழ் தான். அமெரிக்காவுல ஆக்ட்ஃபல்ங்கற மொழி ஆசிரியர்கள் அமைப்பு 2010ல சொன்னதே 90 சதவீதமாவது கத்துக்கற மொழியில இருக்கட்டும்னு தான், உங்க ஹெச்ஓடி நூறு கேக்கறார்.

பிரெஞ்சுல கேட்டா தான் பாத்ரூம் விடறேன், சரிதானே?
வாக்கியத்தைக் கதவு பக்கத்துல ஒட்டி வைங்க, பார்த்துப் படிக்கட்டும். தப்பா சொன்னாலும் விட்டுடுங்க. அவசரத்துல நிக்கற பொண்ணுகிட்ட இலக்கணம் திருத்தாதீங்க.

புதுச்சேரி ஸ்கூல். வீட்டுல பிரெஞ்சு பேசற பையன் எல்லார் முன்னாடியும் என் உச்சரிப்பைத் திருத்தறான்.
தாத்தா காலத்துலேருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கற வீடா இருக்கும். சரியா திருத்தினா "மெர்ஸி" (நன்றி)ன்னு சொல்லிட்டு போயிட்டே இருங்க. முறைச்சீங்கன்னா தினமும் திருத்துவான்.

ப்ளஸ் ஒன் பசங்க நான் எண்ணறதை மிமிக்ரி பண்றாங்க.
நல்லதா போச்சு. யார் நல்லா பண்றானோ, நாளைலேருந்து கவுன்ட்டவுன் அவன் வேலை.