தமிழ்நாட்டுக் கடற்கரை ஓரமாகத் தனியாக, குறைந்த செலவில் பையை மாட்டிக்கொண்டு சுற்றி வர முடியுமா?

முடியும். பணத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், அது தானாக அடங்கிவிடும். சிக்கல் எல்லாம் ராத்திரி எங்கே படுப்பது என்பதில்தான். தனி ஆள் என்று தெரிந்த நிமிடமே நம் ஊர் லாட்ஜ்கள் பல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

கேட்டவர் பெண், தனியாகக் கிளம்புவது இதுதான் முதல் முறை, வீட்டில் இன்னும் சம்மதம் வாங்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் பெண்தான். தரங்கம்பாடியில் தொடங்கி கன்னியாகுமரி வரைக்கும், லீவு கிடைத்தபோதெல்லாம், துண்டு துண்டாக அரசுப் பேருந்தில் போய் முடித்தவள். மாமல்லபுரம், புதுச்சேரி பக்கத்தை விட்டுவிடுகிறேன். அங்கே முதுகில் பை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கென்றே ஹாஸ்டல்கள் இருக்கின்றன, தனி ஆளை யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். நான் சொல்லப்போவது அதற்குத் தெற்கே உள்ள கரை.

முதலில் செலவு. 2018இல் மாற்றிய கட்டணப்படி புறநகர் சாதாரணப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 58 காசு. கடற்கரை ஊர்கள் ஒன்றுக்கொன்று பக்கம்தான், நாள் முழுக்க ஏறி இறங்கினாலும் எனக்கு நூறு ரூபாயைத் தாண்டியது அபூர்வம். அதற்கு மேல், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போக இது போதும். இதை ஓசி டிக்கெட் என்று கிண்டல் செய்பவர்கள் இந்தப் பதிலுக்குக் கீழேயும் வருவார்கள். அவர்கள் ஒரு நாள் காலையில் நாகூர் பக்கம் அந்தப் பேருந்தில் ஏறிப் பார்க்கட்டும். காலி மீன் கூடையோடு துறைமுகத்துக்குப் போகிற அக்காக்களுக்கு அந்த மிச்சம் என்னவாகிறது என்று அவர்களிடமே கேட்கட்டும். நான் கேட்டேன். ஒரு அக்கா, "பிள்ளைக்கு டியூசன் ஃபீஸ் தாயி" என்றார்.

சாப்பாட்டுக்குப் பெரிதாகத் திட்டம் போட வேண்டாம். மெஸ் சாப்பாடு, மதியம் கோயில் அன்னதானம், ராத்திரி இட்லி. அறையோடு சேர்த்து ஒரு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறுக்குள் எனக்கு முடிந்தது. அதைவிடக் குறைவாகவும் முடியும் என்று வாதாட வருபவர்களுக்கு ஒன்று: பெண்ணுக்கு உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழுகிற அறை வேண்டும். அதில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த அறை விஷயம்.

ஒரு கோயில் ஊர். பெயர் வேண்டாம், இது அந்த ஒரு ஊரின் பழக்கம் மட்டும் இல்லை. மாலை ஆறரை இருக்கும். முதல் லாட்ஜில் ஆதார் அட்டையை நீட்டினேன், வரவேற்பில் இருந்தவர் கையில் வாங்கவே இல்லை.

"எத்தனை பேரும்மா?"

"நான் மட்டும்தான் சார்."

"சிங்கிளுக்கு ரூம் தர்றதில்லம்மா."

அவருக்குப் பின்னால் பலகையில் பாதிச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த லாட்ஜில், "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார்கள். வரவில்லை என்றேன். "அவர் வந்ததும் சேர்ந்து வாங்க" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது இடத்தில் வயதானவர் ஒருவர் இருந்தார். காரணத்தையாவது சொல்லுங்கள் ஐயா என்று கேட்டேன். தயங்கித்தான் சொன்னார்: "தப்பா நினைக்காதம்மா. தனியா வர்றவங்க சில பேரு மனசு விட்டுப்போயி வர்றாங்க. உள்ள போயி ஏதாவது ஆயிருச்சுன்னா போலீஸ், கேஸுன்னு நாங்கதான் அலையணும். முதலாளி கண்டிப்பா சொல்லியிருக்காரு."

அவர் பயம் எனக்குப் புரிகிறது. அந்த வேலையில் அவர் என்னென்ன பார்த்திருப்பாரோ. ஆனால் மனசு விட்டுப்போன ஒருவரை ராத்திரி ஏழு மணிக்குத் தெருவில் நிறுத்துவது எந்த வகையில் தீர்வு? அவருக்கு அப்போது வேண்டியது நாலு வார்த்தை பேசுகிற ஆளும் படுக்க ஒரு இடமும் இல்லையா? புருஷனை இழந்தவர்கள், திதி கொடுக்க வந்த ஒற்றைப் பிள்ளைகள், கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர்கள் என்று கோயிலுக்குத் தனியாக வருகிறவர்கள் எத்தனை பேர்! தனி ஆளுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று நான் அறிந்து எந்தச் சட்டமும் இல்லை. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கவே சட்டம் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் ஒரு கோவை விடுதி வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படி இருக்கும்போது ஒற்றை ஆள் என்ன பாவம் செய்தார்? இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அன்றைக்கு வழி சொன்னது பேருந்து நிலையத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா. "இங்க கேட்டு அலையாத தாயி. எட்டு மணி பஸ்ஸப் புடிச்சு டவுனுக்குப் போயிரு. ரயிலடிகிட்ட இருக்கிற லாட்ஜுல மருந்துக் கம்பெனிக்காரங்க, வசூலுக்கு வர்றவங்க எல்லாம் ஒத்த ஒத்தயாத்தான் தங்குவாங்க" என்றார். அப்படியே போனேன். அங்கே ஆதாரையும் அலுவலக அடையாள அட்டையையும் நகல் எடுத்துக்கொண்டு, அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, காலையில் வெந்நீர் எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்டார்கள். வேறு ஒரு கேள்வியும் இல்லை.

அன்றிலிருந்து என் வழி இதுதான். பகலில் கோயில் ஊர், கடல் ஊர், எதுவானாலும் சுற்றலாம். ராத்திரிக்கு வியாபார ஊர். பூம்புகார், தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையில் தங்கலாம். நாகூர், வேளாங்கண்ணிக்கு நாகப்பட்டினம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் மனோரா கோபுரத்துக்கும் பட்டுக்கோட்டை. ராமேசுவரம், தேவிபட்டினம், ஏர்வாடிக்கு ராமநாதபுரம். திருச்செந்தூர், மணப்பாட்டுக்குத் தூத்துக்குடி. கன்னியாகுமரி, முட்டத்துக்கு நாகர்கோவில். காலையிலேயே போன் செய்து, "தனியா வர்றேன், பெண், அடையாள அட்டை இருக்கு, ரூம் தருவீங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். தயங்கினால் அடுத்த எண். இருட்டுவதற்கு முன் அறைக்குப் போய்விடுங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திர வளாகத்தில் குறைந்த வாடகைக்கு அறைகள் உண்டு, வேளாங்கண்ணியில் தேவாலயமே நடத்தும் விடுதிகள் உண்டு. பெரிய ரயில் நிலையங்களில் வாடகைக்குக் கிடைக்கும் தங்கும் அறைகளையும் (ரிட்டயரிங் ரூம்) மறக்க வேண்டாம். டிக்கெட் இருந்தால் போதும், வீட்டுக்காரர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

கோயில் ஊர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பக்தி உண்டு. திருச்செந்தூரில் கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போகிற சுகம் எனக்கும் தெரியும். நான் பேசுவது லாட்ஜ் வரவேற்பு மேசையைப் பற்றி மட்டும்தான்.

எங்கே நிறைய நேரம் கொடுக்கலாம் என்று கேட்டால், முதலில் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. தமிழில் புத்தகம் அச்சிட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய கரை இது, தமிழ் அச்சு வரலாற்றில் பெரிய இடம். 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம், ஆனால் அவசரப்படாதீர்கள், கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் உட்கார நேரம் வையுங்கள்.

தரங்கம்பாடி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். மயிலாடுதுறையிலிருந்து இந்த ஊருக்கு 1926 முதல் ரயில் ஓடியது. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாக வரும். 1986இல் நிறுத்தினார்கள், அதோடு சரி. என் அம்மா சின்ன வயதில் அந்த ரயிலில் கடல் பார்க்கப் போன கதையைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி பாதையில் மறுபடி ரயில் விட்டார்கள், சந்தோஷம். தரங்கம்பாடிப் பாதையும் வேண்டும் என்று அந்த வட்டாரத்து மக்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் மட்டுமே போதாதா அந்த ரயிலுக்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் உள்ள அகஸ்தியம்பள்ளியில், 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது, சுற்றிலும் இன்றைக்கும் உப்பளங்கள். அதற்கு அப்பால் கோடியக்கரை. 1967இலிருந்து சரணாலயம். வெளிமான்கள், ஆளில்லாமல் திரியும் மட்டக்குதிரைகள், குளிர்காலத்தில் பூநாரைகள். வேதாரண்யத்திலிருந்து பேருந்து உண்டு, ஆனால் திரும்புகிற பேருந்தின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது யாருமே சுற்றுலா என்று சொல்லாத ஒரு நீளம். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா நிற்கிறது. நெப்போலியன் தோற்றதற்காகத் தஞ்சாவூர் சரபோஜி கட்டிய அறுகோணக் கோபுரம். ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் மீனவர் கரையில் நினைவுச் சின்னம்! அந்தச் சாலையில் பேருந்து மாறி மாறித்தான் போக வேண்டும், சில இடங்களில் நெடுநேரம் நிற்க நேரும். நின்றதில்தான் எனக்கு மனிதர்கள் கிடைத்தார்கள். தொண்டிப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வயதான முஸ்லிம் அம்மா, "தனியாவா வந்தே? சாப்பிட்டியா?" என்று வரிசையாகக் கேட்டு, மகள் வீட்டுக்கு எடுத்துப்போன வட்டலப்பத்தில் ஒரு துண்டைப் பிட்டுக் கொடுத்தார். தனியாகப் போனால் பேச்சுத் துணை இருக்காது என்று பயமுறுத்துகிறார்களே, நான் கூட்டமாகப் போன எந்தச் சுற்றுலாவிலும் இவ்வளவு பேர் என்னிடம் பேசியதில்லை.

ராமேசுவரம் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாம்பனைப் பேருந்தில் கடந்தால், 1914இன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025இல் திறந்த புதிய பாலத்தைச் சாலைப் பாலத்திலிருந்து பார்க்கலாம். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கும் அரிச்சல்முனைக்கும் ராமேசுவரத்திலிருந்து பேருந்து உண்டு, ஜீப்புக்காரர்கள் இல்லை என்பார்கள், நம்ப வேண்டாம். மாலைக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள், காலையில் போவது நல்லது. அந்தக் கடலில் இறங்காதீர்கள், இழுப்பு அதிகம்.

தெற்கே மணப்பாட்டுக்கு ஒரு நாள் கொடுங்கள். மணல்மேட்டின் மேல் திருச்சிலுவைத் தேவாலயம், கீழே 1542இல் சவேரியார் வந்து தங்கியதாகச் சொல்லும் குகை. உவரி அதற்கு அடுத்து.

"உனக்கு ஒன்றும் நடக்கவில்லை, அது அதிர்ஷ்டம்" என்று சிலர் எழுதப்போகிறீர்கள். இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், இருட்டில் பேருந்து நிலையத்தில் நிற்கிற மாதிரி நாளைத் திட்டமிடாதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊர், எந்த லாட்ஜ் என்று வீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். என் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது அந்தத் தாள்தான். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க்கையும் ரயில் நிலையத்தையும் நம்புங்கள். மீனவர் ஊர்களில் கரை என்பது அவர்கள் வலை உலர்த்துகிற, மீன் தரம் பிரிக்கிற இடம். கேட்காமல் போனை நீட்டி வீடியோ எடுக்காதீர்கள்.

காலம்: ஜனவரி முதல் மார்ச் நடுவரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் மழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது, துறைமுகங்களில் ஏலத்தின் பரபரப்பும் இருக்காது, வெயிலும் கொல்லும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அப்போதும், ராமேசுவரத்தில் ஆடி, தை அமாவாசைகளிலும், திருச்செந்தூரில் கந்த சஷ்டியின்போதும் பக்கத்து வியாபார ஊர்களில்கூட அறை கிடைக்காது. நாகர்கோவில் வரைக்கும் வந்துவிட்டால் திரும்புவதற்கு ரயில்தான் மலிவு. கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள், பெண்கள் ஒதுக்கீட்டில் படுக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள்.