காக்கா ‘தாத்தா’ ஆவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு நாலேகால் வயது. ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்கிறான். கடல் அவனுக்குத் ‘தடல்’, ரயில் ‘லயில்’. நாக்கு தடித்திருக்கிறது, வசம்பு தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். உறவினர்களோ அவனை நிறுத்தி வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். இன்னும் காத்திருக்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இரண்டு பிழைகளையும் ஒன்றாக எண்ண வேண்டாம். ரகரம், ழகரம் போன்றவை நுனிநாக்கை நுட்பமாக அசைத்தும் வளைத்தும் எழுப்ப வேண்டிய ஒலிகள் என்பதால், பல குழந்தைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் வாய்க்கின்றன. (ழகரத்தைப் பல வீடுகளில் பெரியவர்களே ஒலிப்பதில்லை, கேளாத ஒலியைக் குழந்தை எங்கிருந்து கற்கும்?) ‘லயில்’ பற்றி இப்போது கவலை வேண்டாம்.

ககரத்தின் நிலை வேறு. உதடுகள் கூடினாலே பிறந்துவிடும் பகரமும் மகரமும் முந்திக்கொள்கின்றன; ககரத்துக்கோ, தொல்காப்பியப் பிறப்பியல் சொல்வது போல, நாவின் அடிப்பகுதி எழுந்து அண்ணத்தைச் சேர வேண்டும். அந்த இடம் பிடிபடும் வரை, பல்லருகே பிறக்கும் தகரத்தை வைத்துக் குழந்தை சமாளிக்கும். மூன்றரை வயதை ஒட்டிப் பெரும்பாலும் மறைந்துவிடும் இவ்வழக்கம் இன்னும் நீடிப்பதால், காத்திருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். தென்னையில் உட்கார்ந்திருக்கும் காகத்தைக் காட்டி, நீங்களே ‘அதோ தாத்தா’ என்று சொல்லுங்கள். ‘தாத்தா இல்லம்மா, தாத்தா!’ என்று அவன் கோபித்துக்கொண்டால், வேறுபாட்டைக் காது அறிந்திருக்கிறது, வாய்க்குத்தான் எட்டவில்லை என்று பொருள். ஆங்கிலம் பேசும் குழந்தையிடம் இதே நிகழ்வை 1960-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆயினும் இது செவித்திறன் சோதனைக்கு மாற்றாகாது. சளிக்குப் பின் நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தால், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல ஒலிகள் மங்கிவிடும். அந்நிலையில் எவ்வளவு பயிற்சி அளித்தாலும் பயன் குறைவே. ஆகவே புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் செவியைக் காட்டுங்கள். அடுத்ததாகப் பேச்சுப் பயிற்சியாளர் ‘கட்டு–தட்டு’, ‘காய்–தாய்’ போன்ற இணைகளை விளையாட்டாக்குவார். கயிற்றைக் கட்டச் சொல்ல நினைத்துத் ‘தட்டு’ என்றால் சாப்பாட்டுத் தட்டுதான் கைக்கு வரும். பொருள் மாறுவதைக் கண்ணால் கண்ட பிறகு, ஒலியை மாற்றக் குழந்தைக்கே ஒரு தேவை பிறக்கிறது.

தகரத்தைத் தெளிவாகச் சொல்லும் நாக்கில் தடிப்பைத் தேட வேண்டியதில்லை. வசம்பைத் தேய்த்துப் புண்ணாக்கவும் வேண்டாம். பிறர் முன்னிலையில் அவனை ஒப்பிக்கச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள். அவன் ‘தடல்’ என்றால் திருத்தாமல், ‘ஆமாம், கடல்! கடலில் கப்பல் போகிறது பார்’ என்று அவன் காதில் ககரம் விழும்படி பேசிக்கொண்டிருங்கள்.