'நார்மல்தான்' என்றால் அதையும் எழுதி வாங்குங்கள்

தம்பி, கார் வாங்கி எட்டு மாதம், 9,000 மைல்தான் ஓடியிருக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி கடகடவென்கிறது, டீலர் 'நார்மல்தான்' என்று அனுப்பிவிட்டார், இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். டாலஸுக்கு வந்த புதிதில் நானும் இதே பதிலோடு இரண்டு முறை திரும்பியவன்தான். என் கார் ஆயில் குடித்தது. சர்வீஸ் ஆள் வாசலிலேயே பானட்டைத் திறந்து பார்த்து, 'ஒன்றுமில்லை, ஓட்டுங்கள்' என்றார். மூன்றாவது முறை போனபோது, முன்பு இரண்டு முறை நான் வந்ததற்கே பதிவு இல்லை. ஆயிலை நிரப்பி, மூடிக்கு முத்திரை வைத்து, எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க 1,000 மைல் ஓட்டிவிட்டு வா என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அதனால் கோளாறு இல்லை என்று சொன்னாலும் ரிப்பேர் ஆர்டர், அதாவது உங்கள் புகாரையும் அவர்கள் பார்த்ததையும் எழுதும் சர்வீஸ் தாள், போடச் சொல்லி நகல் வாங்குங்கள். தேதியும் மைலும் அதில் இருக்க வேண்டும். 'சத்தம் வருகிறதாம்' என்று எழுதினால் விடாதீர்கள். 'இரவு முழுக்க நின்ற பிறகு, முதல் ஸ்டார்ட்டில் மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். ஆயில் மேலே ஏறும்வரை, எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் தளர்ந்து ஆடினாலும் இப்படித்தான் கேட்கும். மதியம் கொண்டுபோனால் சூடான எஞ்சின் சாதுவாக நிற்கும். முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் டெக்னீஷியனையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் எடுத்த வீடியோவும் கையில் இருக்கட்டும்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால், காரில் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்க 20, 30 டாலர் ஸ்கேனர் போதும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். அழித்தால் கோளாறு வந்த நேரத்து வேகம், சூடு பற்றிய பதிவும் கூடவே அழிந்துவிடும். என் நண்பர் ஒருவர் அழித்துவிட்டுப் போய் நின்றார், பாவம்.

ஆயிலை வெளியில் மாற்றினீர்கள் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். காசு கொடுத்துத் தங்களிடமே சர்வீஸ் செய்தால்தான் வாரண்டி என்று நிபந்தனை போட 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம் (அமெரிக்காவின் வாரண்டி சட்டம்) விடாது. ரசீது மட்டும் பத்திரம்.

நான்கு முறை போயும் அதே கோளாறு தீரவில்லை என்றால் டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையில் லெமன் சட்டப்படி (ரிப்பேர் செய்தும் கோளாறு தீராத வண்டிகளுக்கான சட்டம்) மனு போடலாம். அந்தக் கணக்கு முதல் 24 மாதம் அல்லது 24,000 மைலுக்குள் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, நாளைக் காலை ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவிப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால், ஊற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.