அல்பராசின் ஊரைப் பார்க்க இரண்டு மணி நேரம் போதுமா?

ஸ்பெயினின் வலென்சியா நகரிலிருந்து மலையூரான அல்பராசினுக்குச் சென்று இரண்டு மணி நேரத்தில் பார்த்துத் திரும்பிவிடலாமா, பழைய வீடுகளைத் தவிர அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயண நிரலில் மதிய உணவையும் சேர்த்தே அவ்வளவு நேரம் ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது போதாது, ஓர் இரவேனும் தங்குங்கள்.

வலென்சியாவில் வேலை பார்த்த காலத்தில் ஓர் அக்டோபரில் நான் அங்கே தங்கினேன். பேருந்துக் கூட்டம் கலைந்த மாலையில், ஒரு சந்தில் முதிய கொத்தனார் ஒருவர் பெயர்ந்திருந்த சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். ஊர் முழுவதும் தெரியும் அந்தச் செம்மை மேலே அடித்த சாயம் அன்று, அவ்வட்டாரத்து ஜிப்சத்தில் இரும்பு கலந்திருப்பதால் வரும் இயல்பான நிறம் என்பதை அவரிடம்தான் அறிந்தேன். மரச்சட்டங்களுக்கு இடையே அந்தக் கலவையை நிரப்பி எழுப்பும் சுவர் கனம் குறைந்தது என்பதால், பாறைச் சரிவில் இடம் போதாத குடும்பங்கள் மேல்மாடிகளைத் தெருவை நோக்கி நீட்டிக் கட்டினார்கள். சில சந்துகளில் எதிரெதிர் வீடுகளின் இறவாரங்கள் ஏறக்குறைய தொட்டுக்கொள்கின்றன. அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அந்தச் சந்துகளை மறுபடியும் முதலிலிருந்து நடந்து பார்த்தேன்.

மூன்று பக்கம் குவாதலவியார் ஆறு வளைந்து காக்க, காப்பில்லாத பக்கத்தில் மதில் மலையேறுகிறது. 11ஆம் நூற்றாண்டில் பனூ ராசின் என்ற பெர்பெர் குலத்தார் இங்கிருந்து ஒரு சிற்றரசை ஆண்டார்கள். பின்னர் வந்த கிறித்தவப் பிரபுக்கள் காஸ்தீல், அரகோன் என்ற இரு அரசுகளுக்கும் அடங்காமல் நின்றார்கள்; 1284இல் அரகோன் மன்னர் மூன்றாம் பேத்ரோ முற்றுகையிட்டே ஊரைக் கைப்பற்றினார். (வலென்சியாவில் பூங்காவாக மாறியிருக்கும் துரியா ஆற்றின் பழைய படுகையில் நீங்கள் நடந்திருப்பீர்கள், அந்தத் துரியாவின் மேற்பகுதிதான் இந்த ஆறு.)

விளம்பரங்கள் இதைக் "காலம் உறைந்த ஊர்" என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஏறத்தாழ 1,000 பேர் வாழும் ஊர் இது. 1961இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. 1996இல் தொடங்கப்பட்ட சாந்தா மரியா அறக்கட்டளையும் உள்ளூர்க் கைவினைஞர்களும் சுவர் சுவராகப் பழுதுபார்த்து வருவதால்தான் இது நிற்கிறது. மதியம் வந்து மாலையில் கிளம்பும் கூட்டத்தால் இவர்களுக்குப் பெரிய வருமானமும் இல்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் கருதலாம். தென் ஸ்பெயினில் அந்தலூசியாவின் வெள்ளை ஊர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றில் ஒன்றான ரோந்தாவைக் கண்டு நானும் வியந்திருக்கிறேன். ஆனால் வலென்சியாவில் இருப்பவருக்கு அல்பராசின்தான் பக்கம்.

பக்கத்திலுள்ள தெருவெல் நகரிலிருந்து பேருந்துகள் மிகக் குறைவு என்பதால் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் மதில்மேல் அந்தாதோர் கோபுரம் வரை ஏறுங்கள். மறுநாள் காலையை அருகிலுள்ள பைன் காட்டின் செம்பாறைகளில் இருக்கும் தொல்பழங்கால ஓவியங்களுக்கு ஒதுக்குங்கள். அவை 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை.